கோட்டுப் போட்ட முட்டை

சாம்பல்மலைத் தோட்டத்துப் பங்களாக் குசினியில் செல்லசாமி கரண்டி பிடித்த காலத்தில், அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட முடியாது. ‘கோக்கி ஐயா’ என்று கூப்பிட வேண்டும். வெறும் செல்லசாமி என்றால் அவனுக்குக் காது கேட்காது. அட்டன் கடைவீதியில் அவனுடைய சொந்த மச்சான், பின்னால் ஓடிவந்து, “ஏய் செல்லசாமி, ஏய் செல்லசாமி” என்று தொண்டை கிழியக் கத்தியும், மனுஷன் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிப் போய்விட்டான். அவ்வளவு மிடுக்கு.

இத்தனைக்கும் அவன் சீமையில் போய்ச் சமையல் படித்துவிட்டு வந்தவன் அல்ல. பங்களாவின் பின்பக்கம் விறகு போடப் போனவன், மழைக்கு ஒதுங்கிக் குசினி வாசலில் நின்றான். உள்ளே அடுப்புச் சூடு இதமாக இருந்தது. அப்படியே ஒட்டிக்கொண்டான். சட்டி கழுவினான், கோழி உரித்தான், வெங்காயம் அரிந்தான். இருந்த கோக்கிக்குச் சாராயத்தால் கை நடுங்கத் தொடங்கியதும் கரண்டி இவன் கைக்கு வந்து சேர்ந்தது. அப்போதிருந்த வெள்ளைக்காரத் துரைசானிக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டால் ஒரு பலகாரம் தின்றாக வேண்டும். பக்கத்தில் நின்று அதை இவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். முட்டையை அவித்து உரித்துக்கொள்ள வேண்டும். பன்றி இறைச்சிச் சொசேஜின் தோலைக் கீறி, உள்ளே இருப்பதை எடுத்துப் பிசைந்து, ஈரக் கையால் முட்டையைச் சுற்றி அப்ப வேண்டும். பிறகு ரஸ்க் தூளில் உருட்டி, கொதிக்கிற எண்ணெயில் பொரித்தெடுக்க வேண்டும்.

துரைமார் அதை ஸ்கொட்ச் எக் என்றார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துச் சனம் ‘கோட்டு முட்டை’ என்றது. உள்ளே இருப்பது நம்ம வீட்டு முட்டைதான், மேலே ஒரு கோட்டை மாட்டிவிட்டதும் பங்களா மேசைக்குப் போய்விட்டது பார் என்று சிரித்தார்கள். பேர் வைப்பதில் லயத்துச் சனத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

செல்லசாமிக்கு அந்தக் குசினிதான் உயிர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவன் அதற்குப் பிறகு செய்த கூத்தெல்லாம் அதற்காகத்தான். வெளியே மலையில் சனம் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு, காலில் அட்டையோடு கொழுந்தெடுக்கும், முள்ளுக் கரண்டியால் மண்ணைக் கிளறி முள்ளுக் குத்தும். இவன் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்பான். அந்தக் கோட்டைக் கழற்றிவிட்டால், முள்ளுக் கரண்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மழையில் இறங்குகிற நூறு பேரில் அவனும் ஒருத்தன். அந்த நினைப்பு வந்தாலே கோட்டுப் பொத்தானை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொள்வான்.

சீமைத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. சாம்பல்மலைக்குக் கொழும்பிலிருந்து மகாலிங்கம் துரை வந்தார். பேரைக் கேட்டதுமே தோட்டம் குளிர்ந்து போனது. தமிழ்த் துரை, யாழ்ப்பாணத்துக் குடும்பம், இனி நம் கஷ்டத்தை நம் வாயாலேயே சொல்லலாம் என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் சனம் ஆசையாக நின்றது. துரை வாயைத் திறந்தார்.

“நீ ஆள் எல்லாம் வேலை சரியா செய்றது. வேலை இல்லே, சம்பளம் இல்லே.”

வெள்ளைக்காரன் பரீட்சை எழுதிப் படித்து இதைவிட நல்ல தமிழ் பேசினான். தாய்ப்பாலோடு குடித்த பாஷையை இவர் எந்த ஸ்டேஷனில் இறக்கி வைத்துவிட்டு வந்தாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அவருடைய துரைசானி பேர் செல்வமலர். அந்த அம்மா பெட்டி படுக்கையோடு ஒரு கம்பிக்கூடும் கொண்டுவந்தார். கூட்டுக்குள் வெள்ளை வெளேரென்று சீமைக்கோழிகள். கொழும்பில் அவை நாள் தவறாமல் முட்டை போட்டனவாம், ஒவ்வொன்றும் வாத்து முட்டை பருமனாம். கூடவே கொண்டுவந்திருந்த கூடை முட்டையில்தான் முதல் விருந்துக்குக் கோட்டு முட்டை செய்யச் சொன்னார்கள்.

முட்டையே ஒரு பிடி. அதன்மேல் சொசேஜை அப்பியதும் கிரிக்கெட் பந்தாகிவிட்டது. எண்ணெயில் போட்டால் மேலே கருகுகிறது, உள்ளே இறைச்சி பச்சையாகச் சிவந்து கிடக்கிறது. தீயைக் குறைத்தால் எண்ணெயைக் குடித்துவிட்டு வெடிக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக் கிழத் துரை ஒருவர் பலத்தையெல்லாம் கூட்டிக் கடித்தார். பந்து அப்படியே இருந்தது, பொய்ப்பல் அதோடு போய்விட்டது. விருந்து முடிந்ததும் துரைசானி குசினிக்கு வந்தார்.

“இது மாதிரி இன்னும் ஒரு தரம் செய்றது, நீ மலைக்குப் போறது,” என்றார்.

மலையென்ற சொல் காதில் விழுந்ததும் செல்லசாமி கோட்டை இழுத்து மூடிக்கொண்டான்.

அதற்குப் பிறகு வந்தது அதைவிடப் பெரிய சங்கடம். மலைப்பனியில் அந்த வெள்ளைக்கோழிகள் முட்டை போடுவதை அடியோடு நிறுத்திவிட்டன. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, வீட்டோடு வந்த மாப்பிள்ளை மாதிரி நாளெல்லாம் உட்கார்ந்து தின்றன. துரைசானி காலையில் கூட்டைப் பார்ப்பார், மாலையில் கூட்டைப் பார்ப்பார், பிறகு செல்லசாமியைப் பார்ப்பார். கொழும்பில் போட்ட கோழி இங்கே போடவில்லை என்றால் குற்றம் கோழியிடமா இருக்கும்? தீனி வைக்கிறவனிடம்தான் இருக்கும். இந்த மாதம் முட்டை வராவிட்டால் வேறு கோக்கி பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

செல்லசாமியின் பெண்சாதி பூரணி லயத்தில் கோழி வளர்த்தாள். நம்ம நாட்டுக்கோழிகள், பஞ்சாரத்துக்குள் படுத்து, விடிந்ததும் லயத்துச் சாக்கடைக் கானைக் கிளறித் தின்று, புருஷன் பெண்சாதி சண்டைக்கு நடுவில் புகுந்து ஓடுகிற ஜாதி. பனியாவது மழையாவது, அதுபாட்டுக்கு முட்டை போடும். சின்ன முட்டை, ஒரு பெரிய நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிது என்று பூரணியே கேலி பண்ணுவாள். ஒரு நாள் விடிகாலையில் செல்லசாமி அதில் இரண்டை மடியில் கட்டிக்கொண்டு போய், வெள்ளைக்கோழிக் கூட்டு வைக்கோலில் வைத்துவிட்டான்.

துரைசானி கூட்டுக்கு முன்னால் நின்று கைதட்டினார். துரையை அழைத்துவந்து காட்டினார். முட்டை ஏன் சின்னதாக இருக்கிறது, ஏன் லேசாகத் தவிட்டு நிறமாக இருக்கிறது என்று துரை கேட்டார். செல்லசாமி பதில் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. படித்தவர் இல்லையா, கேள்வியையும் கேட்டுவிட்டுப் பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார். உயரம் கூடக்கூடத் தேயிலைக் கொழுந்து சிறுக்கிறது, ருசி ஏறுகிறது. முட்டைக்கும் அதே கணக்குத்தான். நிறமா? மலைத் தண்ணீரில் தேயிலைச் சாயம் ஊறியிருக்கிறது, அது முட்டையோட்டில் இறங்குகிறது. அடேயப்பா. செல்லசாமி ஒரு பொய்தான் சொன்னான், அதுவும் வாயைத் திறக்காமல். மீதியெல்லாம் துரை போட்டுக்கொடுத்தது.

அந்தச் சின்ன முட்டையில் கோட்டு முட்டை எப்படி வந்தது தெரியுமா? அதைச் சொல்லாவிட்டால் செல்லசாமிக்குச் செய்கிற துரோகம். இட்ட அன்றைக்கே அவித்தால் ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வரும் என்று, முட்டையை நாலைந்து நாள் ஆறப்போடுவான். அவியும்போது கரண்டியால் மெல்ல உருட்டிக்கொண்டே இருப்பான், மஞ்சள் கரு ஒரு பக்கம் ஒதுங்காமல் நடுவில் நிற்க. சொசேஜை வெற்றிலை கனத்துக்குத் தட்டி, மேலே வெடிப்பு விடாமல் மூடுவான். மேலே பொன்னிறமாகும் நேரமும் உள்ளே வேகும் நேரமும் ஒன்றாக இருக்கும். இரண்டே கடி. குறுக்கே வெட்டினால் கறுத்த வளையம், வெள்ளை வளையம், நடுவில் மஞ்சள் பொட்டு. கிளப்பில் துரைமார் கையை நக்கினார்கள். மகாலிங்கம் துரை ஒரு முட்டையைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, உயரமும் ருசியும் பற்றிப் பிரசங்கம் செய்தார்.

பூரணிக்கு முட்டைக்குப் பதிலாகப் பங்களாச் சீனி கிடைத்தது. ஆனால் அவளுக்கு மனசு ஆறவில்லை.

“பொழுது விடியுமுன்ன எந்திரிச்சுப் பஞ்சாரத்தைத் தெறந்து, பருந்துக்கும் கீரிக்கும் காவல் கெடக்குறவ நான். பேரு அந்த வெள்ளைச் சிறுக்கிகளுக்கா?”

“மெதுவாப் பேசு புள்ள. அடுப்படி போயிரும்.”

“யாருக்குக் கேட்டா என்னங்க? லயத்துல எல்லாருக்குந்தான் தெரியுமே.”

உண்மைதான். லயத்தில் எல்லாருக்கும் தெரியும். கொழுந்து அரைக்கிற ஸ்டோருக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குத் தெரியும், பங்களாத் தோட்டக்காரனுக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். தின்கிறவன் துரையாக இருந்தால் மறைக்கலாம், பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பது இவன் விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே ஓடியது. பிறகு ஒரு வெள்ளைக்கோழி தும்மியது. அவ்வளவுதான். அடுத்த நாள் பெரட்டுக்களத்தில் துரை அறிவித்தார்: லயத்துக் கோழிகள் அழுக்கு, சீக்குப் பிடித்தவை, அவற்றால் பங்களாக் கோழிகளுக்கு ஆபத்து. இந்த வாரத்துக்குள் லயத்துக் கோழியெல்லாவற்றையும் விற்க வேண்டும், அல்லது தின்ன வேண்டும். மிச்சமிருப்பதைக் கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் ஆளோடு வந்து பிடித்துக் கழுத்தைத் திருகுவார்.

பூரணி கொழுந்துக் கூடையோடு நேரே குசினியின் பின்வாசலுக்கு வந்து நின்றாள்.

“போய்ச் சொல்லுங்க. அவர் தின்னுற முட்டை அந்தச் சீக்குக் கோழி போட்டதுதான்னு சொல்லுங்க.”

செல்லசாமி கரண்டியைப் பிடித்தபடி நின்றான். அவனுக்கும் அந்தக் கோழிகள்மேல் பிரியம்தான். ஆனால் சொன்னால் அந்தப் பொழுதே கோட்டைக் கழற்ற வேண்டும். அவன் அடுப்பைப் பார்த்தான், பூரணியைப் பார்த்தான், மறுபடி அடுப்பையே பார்த்தான். பூரணிக்கு விளங்கிவிட்டது. கட்டின புருஷனுக்குத் தன்னைவிட அடுப்புத்தான் பெரிது என்பதை நின்ற இடத்தில் பார்ப்பது லேசான காரியமா? அவளுக்குக் கண் கலங்கியது. கூடையை இழுத்துச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

ஆனால் அவள் அழுதுகொண்டு உட்காருகிற பிறவி அல்ல. அன்று மாலையே நூலை மஞ்சளில் நனைத்து, ஒவ்வொரு கோழியின் காலிலும் ஒரு முடிச்சுப் போட்டாள். கோழிகளை ரோதமுனிக்கு நேர்ந்துவிட்டாள். ரோதமுனி ஸ்டோரில் பெரிய சக்கரத்துக்குக் காவலாக இருக்கிற சாமி. ஸ்டோரோரம் மரத்தடியில் நட்டு வைத்த கல்தான், ஆனால் பொல்லாத சாமி. அதற்கு நேர்ந்த உருப்படியில் கை வைத்தவன் கையைச் சக்கரத்தில் கொடுப்பான் என்று தோட்டம் முழுவதும் நம்பியது. பூரணி கட்டியதைப் பார்த்து அடுத்த வீட்டுக் காம்பராக்காரி கட்டினாள், அவளைப் பார்த்து அடுத்தவள். கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் ஆளோடு வந்தபோது லயத்தில் மஞ்சள் நூல் இல்லாத கோழியே கிடையாது.

முத்துலிங்கம் நூலைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார்.

“கோழியே இல்லைன்னு தொரைக்கிட்டச் சொல்லிர்றேன். நீங்க தொரை கண்ணுல படாமப் பார்த்துக்கங்க,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

கோழிகள் தப்பின. செல்லசாமிக்குத்தான் புது வினை வந்தது. நேர்ந்துவிட்ட கோழியைச் சாமிக்குக் கொடுத்துக் கடன் தீர்க்கிறவரை, அதன் முட்டையும் சாமிக்குத்தான். விற்கக்கூடாது, மாற்றக்கூடாது. பூரணி முட்டையை எடுத்து அடைக்கு வைக்கத் தனிப் பெட்டியில் சேர்த்தாள். இந்த நேரம் பார்த்துக் கொழும்புக் கம்பெனியிலிருந்து தோட்டத்தைச் சோதிக்கிற விசிட்டிங் துரை வருவதாகச் செய்தி வந்தது. அவர் கையில்தான் மகாலிங்கம் துரையின் பதவி உயர்வு. தேநீரோடு அந்தப் பேர் போன ஸ்கொட்ச் எக் வைக்க வேண்டும் என்று உத்தரவு.

செல்லசாமி லயம் லயமாக அலைந்தான். எல்லாம் மஞ்சள் நூல். அட்டன் கடையில் வாங்கிவந்த முட்டை தண்ணீரில் போட்டதும் மிதந்தது. பூரணியிடம் கெஞ்சினான்.

“ஒரு தடவைதான் புள்ள.”

“சாமி சொத்துங்க. எங்கிட்டக் கேக்காதீங்க. என் கோழியைக் கொல்லச் சொன்ன அன்னைக்கி வாயத் தெறக்காத மனுஷன், இன்னைக்கி எதுக்குத் தெறக்குறீங்க?”

அவள் கொழுந்துக்குப் போன பிறகு, செல்லசாமி தன் சொந்தக் காம்பராவுக்குள் திருடனைப் போல நுழைந்து பெட்டியைக் காலி பண்ணினான். கன்னத்தில் போட்டுக்கொண்டு எடுத்தான்.

சொசேஜிலும் சோதனை. கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியில் ரயிலேறி வந்தது, வழியில் றொசல்லவில் மண் சரிந்து பாதை அடைபட்டதால் ஒரு நாள் முழுக்க அங்கேயே கிடந்துவிட்டது. பெட்டி வந்து சேர்ந்தபோது ஐஸ் தண்ணீராகியிருந்தது. செல்லசாமி மோந்து பார்த்தான். மூக்கைச் சுருக்கினான். வினாகிரிக் காடியில் அலசி, மிளகை அள்ளிப் போட்டு, அப்பிப் பொரித்துவிட்டான்.

தேநீர் விருந்து ஜாம்ஜாமென்று நடந்தது. விசிட்டிங் துரை ஒன்று தின்றார், நல்லது என்றார், உயரக் கோட்பாட்டைத் தலையாட்டிக் கேட்டு, கொழும்பில் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். அவர் போனதும் மகாலிங்கம் துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தட்டில் மிஞ்சிய அத்தனையையும் அவரே தின்று தீர்த்தார். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும். மறுநாள் காலையில் துரை பெரட்டுக்கு வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடந்தார். தோட்டத்து டாக்டர் கொடுத்த மருந்து உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது.

சொசேஜை மோந்து மூக்கைச் சுருக்கினவன் யார்? செல்லசாமிதானே? அது அவனுக்கு மருந்துக்குக்கூட நினைவு வரவில்லை. வினாகிரி, ஐஸ், றொசல்ல எல்லாம் மறந்து போயிற்று. ரோதமுனி பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினான். லயத்துக்கு ஓடினான். பூரணி காலிப் பெட்டிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“சாமி முட்டையைத் திருடித் தொரைக்கு ஊட்டிட்டீங்களா?”

“உசுரு போயிரும் போலருக்கு புள்ள.”

பூரணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். துரைமேல் எத்தனை கோபம் இருந்தாலும், தன் கோழியால் ஒரு உயிர் போவதை அவள் விரும்பவில்லை. இரண்டு பேரும் பூசாரி வீரய்யாவிடம் ஓடினார்கள். வீரய்யா கண்ணை மூடி யோசித்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

“எடுத்தவன் வாயால ஒத்துக்கணும். தின்னவன் ஈடு குடுக்கணும். முட்டைக்கு முட்டை வச்சாச் சாமி ஏத்துக்காது. கோழியா வைக்கணும்,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “வெள்ளைக் கோழின்னா விசேஷம்,” என்றார்.

“அப்ப அந்த வெள்ளைக்கோழி என் கோழிக்கு மாத்தா இருக்கட்டும். என் கோழி காலுல இருக்குற நூல அவுத்துரணும்,” என்று பூரணி அங்கேயே பேரம் பேசிவிட்டாள். வீரய்யா வெள்ளைக்கோழிகளின் கொழுப்பை நினைத்து ஒத்துக்கொண்டார்.

செல்லசாமி திருநீறும் கையுமாகத் துரையின் கட்டிலடியில் போய் விழுந்தான். துரைசானி மருந்து வாங்க அட்டனுக்குப் போயிருந்தார். ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லி அழுதான். வெள்ளைக்கோழி ஒரு முட்டைகூடப் போடவில்லை என்றான். அத்தனையும் லயத்து முட்டை என்றான். நேற்றையது ரோதமுனி முட்டை, அதற்கு ஈடாகச் சாமி வெள்ளைக்கோழிகளைக் கேட்கிறது என்றான். சொல்லிவிட்டு, இனி நமக்கு மலைதான் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

துரை எழுந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. பிறகு அவர் பேசியது துரைத் தமிழ் இல்லை, அசல் யாழ்ப்பாணத் தமிழ்.

“ஐயோ என்ரை அம்மா. முனியின்ரை முட்டையையோ எனக்குத் தீத்தினனி? அதுதான் வயித்துக்குள்ளை கிண்டுது.”

செல்லசாமி கண்ணைத் திறந்து பார்த்தான். துரை திருநீற்றை வாங்கி நெற்றியில் பூசி, வயிற்றிலும் பூசினார்.

“இது ஆருக்கெல்லாம் தெரியும்?”

“தொரைக்கும் தொரைசானிக்கும் தவிர தோட்டத்துல எல்லாருக்கும் தெரியுங்க.”

“கணக்கப்பிள்ளைக்கு?”

“மழை நாள்ல அவருதாங்க லயத்துலருந்து முட்டைய வாங்கிக் கொண்டாந்து குடுப்பாரு.”

“விசிட்டிங் துரைக்கு?”

“அவருக்கு இன்னும் தெரியாதுங்க.”

இன்னும் என்றதைக் கேட்டதும் துரைக்கு இன்னொரு முறை வயிற்றைப் புரட்டியது. கொழும்பில் கம்பெனிக் கந்தோரில் குமாஸ்தா வரைக்கும் உயரக் கோட்பாடு பரவிக்கொண்டிருக்கும் நேரம். இவனை வெளியே தள்ளினால் இவன் வாயைத் திறப்பான்.

“கோழியளைக் கொண்டுபோய் முனிக்குக் குடு. என்ரை மனிசிக்குச் சொல்லிப் போடாதை. உன்ரை வேலைக்கு நான் பொறுப்பு,” என்றார்.

செல்லசாமிக்கு அழுகை பொங்கியது. துரை தன்னிடம் மனுஷனைப் போலப் பேசினார் என்பதற்காகவே அழுதான். துரைசானி திரும்பி வருமுன் கூட்டைத் திறந்து கோழிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனான். அவற்றின் காலில் நூல் ஏறியது, பூரணியின் கோழிகள் காலிலிருந்து இறங்கியது. இரண்டு நாளில் துரைக்கு வயிறு சரியாயிற்று. அது டாக்டர் மருந்தா, பட்டினியா, ரோதமுனியா என்று நான் சொல்லப் போவதில்லை. வயிறு சரியானதோடு யாழ்ப்பாணத் தமிழும் உள்ளே போய்விட்டது.

அட்டனிலிருந்து வந்தது முதல் துரையின் கட்டிலை விட்டு நகராத துரைசானி, அன்றைக்குத்தான் வெறுங்கூட்டைப் பார்த்துக் கதறினார். கோழிகள் எங்கே என்று கேட்டபோது துரை கூரையைப் பார்த்தார், செல்லசாமியைப் பார்த்தார்.

“இந்த மடையன் கூட்டைப் பூட்ட மறந்துவிட்டான். நரி கொண்டு போய்விட்டது,” என்று இங்கிலீஷில் சொன்னார்.

செல்லசாமிக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும். பொய் சொன்ன காலமெல்லாம் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். உண்மையைச் சொல்லி மூன்றாம் நாள், செய்யாத குற்றத்துக்குக் கோட்டைக் கழற்றச் சொன்னார்கள்.

“நீ மலையில வேலை செய்றது,” என்றார் துரை, பழையபடி. தோட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டால் வாய் திறக்க மாட்டான் என்று கணக்கு.

முள்ளுக் கரண்டி கையை உரித்தது. மழை விடாமல் பெய்தது. ‘கோக்கி ஐயா, இந்த மண்ணுக்கு உப்புப் போதுமா பாருங்க’ என்று கூட நிற்கிறவர்கள் கேலி செய்தார்கள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் இப்போது திரும்பிப் பார்த்தான். வீட்டுக்கு வந்தால் ஈரத்தோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். பூரணி அவனுக்கு ஒரு குத்தலும் சொல்லவில்லை. அவன் கைக் கொப்புளத்துக்கு எண்ணெய் தடவிவிட்டாள்.

பங்களாவுக்குக் கொழும்பிலிருந்து புதுக் கோக்கி வந்தான். கிளப் விளையாட்டுப் போட்டிக்கு அவன் கடை முட்டையில் கோட்டு முட்டை செய்தான். பந்து பந்தாக வந்தது. துரைமார் அதை மைதானத்தில் உருட்டி விளையாடியதாகக் கேள்வி. அடுத்த வாரம் விசிட்டிங் துரை தன் பெண்சாதியோடு வருகிறார், அந்த அம்மாவுக்கு உயர முட்டை ருசி பார்க்க ஆசையாம். துரைசானிக்குத் தலை சுற்றியது. லயத்தில் சின்ன முட்டை கிடைக்கும் என்று தோட்டக்காரன் ஒன்றும் தெரியாதவனைப் போலச் சொன்னான். புதுக் கோக்கி கூடையோடு பூரணியின் காம்பரா வாசலில் வந்து நின்றான்.

“முட்டை இருக்குங்க. அதுக்குக் கோட்டு மாட்டத் தெரிஞ்சவரு மலையில முள்ளுக் குத்துறாரு. அவரும் முட்டையும் ஒண்ணாத்தான் வரும். தனித்தனியாக் கெடையாது,” என்றாள் பூரணி.

மூன்று தரம் ஆள் வந்தது, மூன்று தரமும் அதே பதில். கடைசியில் இரண்டையும் கொண்டுவரச் சொல்லி உத்தரவு வந்தது. பூரணி முட்டைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பங்களாவின் பாதையில் எல்லாரும் பார்க்க முன்னால் நடந்தாள். பின்னால் செல்லசாமி, துவைத்த வேட்டியோடு, கூடையோடு சேர்த்துக் கொடுத்த இனாம் மாதிரி நடந்தான்.

குசினி வாசலில் துரைசானி ஒரு முட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்னது. லேசான தவிட்டு நிறம். இன்னொன்றை எடுத்தார். முகம் மாறியது, பாஷையும் மாறியது.

“இதென்ன, எங்கடை வெள்ளைக்கோழி போட்ட முட்டை மாதிரியே கிடக்கு?”

பக்கத்து இஸ்தோப்பு வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த துரை இருமினார். ஒரு தரம் இருமிவிட்டு மறுபடியும் இருமினார். செல்லசாமி பழக்கதோஷத்தில், ஆமாங்க என்று சொல்ல வாயைத் திறந்தான். பூரணி கூடையை இறக்கி வைத்தாள்.

“போட்டது பூராவும் என் கோழிதாங்க தொரைசானி. அந்த வெள்ளைக்கோழிய நரி புடிக்கல, தொரை வயித்து வலிக்கு ஈடா ரோதமுனி புடிச்சது. முட்டைக்குக் கொக்கரிச்சது மட்டுந்தான் நீங்க எல்லாரும்.”

துரைசானி இஸ்தோப்புப் பக்கம் திரும்பினார். பேப்பர் அசையவில்லை. 

“செல்லசாமி, நீ போய்ச் சட்டியை அடுப்பிலை வை,” என்றார். பிறகு பூரணியின் பக்கம் ஒரு முக்காலியைத் தள்ளினார். “நீ இரு பிள்ளை. என்ரை மனிசன் இன்னும் என்னென்ன திண்டவர் எண்டு ஆறுதலாய்ச் சொல்லு.”